வருத்தத்தை ஒளித்து வைத்தால் உதவி எந்த வழியால் வரும்?

வடமராட்சியில் இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 46. கணவருக்கு 51, கணித ஆசிரியர், 22 வருடச் சேவை. நான்கு வருடங்களுக்கு முன் வலது கையில் நடுக்கம் தொடங்கியது. கொழும்பில் காட்டியபோது பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். இப்போது யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து வரவரச் சிறுத்து, பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. குரலும் எழும்புவதில்லை. ஒருநாள் கோயில் வீதியில் தள்ளாடி நடந்தபோது "மாஸ்டர் வெறியில வாறார்" என்று யாரோ சொன்னது காதில் விழ, அன்றிலிருந்து பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் போவதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் இனிப் போக மாட்டேன் என்று ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார்.

24 வயது மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். அதனால் வருத்தத்தின் பெயர் படலையைத் தாண்டக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. கனடாவில் இருக்கும் கணவரின் அண்ணர், சென்னைக்குக் கொண்டுபோய் மூளையில் ஒப்பரேஷன் செய்யச் சொல்கிறார். காசு போதாவிட்டால் சீதனக் காணியை விற்கலாமாம். ஊர்ப் பரியாரி தந்த சூரணமும் ஒருபக்கம் நடக்கிறது. "அவரின்ர முகம் கல்லு மாதிரி இருக்குது. என்னில வெறுப்போ தெரியேல்லை" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொரு விஷயம்: ஒரு ரூபாயைக்கூட வீணாக்காத மனிதர் சில மாதங்களாக ஒவ்வொரு நாளும் பத்து இருபது லொத்தர் சீட்டு வாங்குகிறார். கேட்டால் சினக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில எங்களுக்கு எங்க போனால் உதவி கிடைக்கும்?"

சகோதரி, இடங்கள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதியதை நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.

லொத்தர் சீட்டு

மருந்துப் பட்டியலையும் திகதிகளையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. லெவோடோபா–கார்பிடோபாக் குளிசையோடு பிராமிபெக்ஸோல் என்ற குளிசையும் எடுக்கிறார். பிராமிபெக்ஸோலின் அளவைக் கூட்டியதற்குப் பிறகுதான் லொத்தர் தொடங்கியிருக்கிறது. இந்த வகை மருந்து எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, தங்களால் அடக்க முடியாத உந்துதல் வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த பக்கவிளைவு. சிலருக்குச் சூதாட்டம், சிலருக்குக் கண்டதையெல்லாம் வாங்குவது, சிலருக்கு அளவில்லாத சாப்பாடு, சிலருக்குப் பாலுறவில் மிதமிஞ்சிய நாட்டம். கடைசியாகச் சொன்னதை எங்கள் ஊரில் மனைவிமார் வைத்தியரிடம் சொல்லவே மாட்டார்கள். அப்படி ஏதும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் கணவரின் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போய், "இந்த மருந்து கூட்டின பிறகு லொத்தர் வாங்குகிறார்" என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி என்று வேறு பிரச்சினைகள் வரும். லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் இன்னும் ஆபத்து: உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் வந்து, உயிருக்கே வினையாகலாம். மருந்து சீராகும்வரை வங்கி அட்டையை நீங்கள் வைத்திருப்பது நல்லது. அதை அவரிடம் சொல்லியே செய்யுங்கள், ஒளித்துச் செய்தால் சண்டைதான் வரும்.

கல்லு முகம்

பார்க்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் குறைந்துகொண்டு போகின்றன. நாம் யோசிக்காமலே செய்யும் அசைவுகள்தான் முதலில் குறையும்: நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, யாராவது பகிடி விட்டால் முகம் மலர்வது. உள்ளே சிரிப்பு வந்தாலும் முகம் அதைக் காட்டாது. எழுத்துச் சிறுப்பதும் குரல் தாழ்வதும் இதே காரணத்தால்தான். நித்திரையில் கத்துவதும் காலால் உதைப்பதும்கூட இந்த நோயோடு வருபவை. நீங்கள் வேறு அறையில் படுப்பதைப் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். உதை வாங்காமல் படுப்பதில் ஒரு பிழையும் இல்லை.

இனி அவருடைய முகத்தைப் பார்த்து மனதை அளக்காதீர்கள். வாயால் கேளுங்கள்: "கோபமா? களைப்பா? குளிசை வேலை செய்யேல்லையா?" பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். இன்னொன்று. வெளியே போகாமை, சாப்பாட்டில் விருப்பமின்மை, விடியப்புறம் எழும்பி இருட்டுக்குள் குந்தியிருப்பது என்று நீங்கள் எழுதியவை மனச்சோர்வாகவும் இருக்கலாம். இந்த நோயாளிகளுக்கு அது அடிக்கடி வருவது. தனியான சிகிச்சை உண்டு, குணமும் தெரியும். இதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

லாச்சிக்குள் இருக்கும் கடிதம்

அந்த ராஜினாமாக் கடிதத்தை அவர் யாரிடமும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரச சேவையில் இருக்கும் ஒருவர் தானாக ராஜினாமாச் செய்தால் பொதுவாக ஓய்வூதியத்தை இழப்பார். அதே மனிதர் வருத்தம் காரணமாக மருத்துவ சபை முன் தோன்றி, சேவைக்குத் தகுதியில்லை என்று சபை முடிவெடுத்தால், ஓய்வூதியத்தோடு போகலாம். 22 வருடச் சேவையை ஒரு வெள்ளைத் தாளில் தூக்கி எறிவதற்கு ஒரு நியாயமும் இல்லை. அறிவிக்காமல் பள்ளிக்கூடம் போகாமல் விடுவதும் பிழை; சேவையை விட்டு விலகியதாகக் கருதி நிர்வாகம் கடிதம் அனுப்பிவிட்டால், பிறகு அதைத் திருத்த அலைய வேண்டி வரும்.

உண்மையில் ஓய்வைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அவர் நன்றாக நடக்கிறார், கணக்கும் பிழைக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிபரிடம் வைத்தியக் கடிதத்தோடு போய், பாட நேரங்களை மருந்து வேலை செய்யும் மணித்தியாலங்களில் போடச் சொல்லிக் கேட்கலாம். கரும்பலகைக்குப் பதிலாக அச்சடித்த தாள் பாவிக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் நூலகம், பரீட்சை வேலை, வலயக் கல்வி அலுவலகத்தில் ஏதாவது பொறுப்பு என்று கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கோரிக்கைகளை எல்லாம் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் எந்தச் செலவுக்குக் காசு எடுக்கலாம் என்பதையும் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் அதிபருக்கு வருத்தத்தின் பெயர் தெரிய வேண்டும். இப்போது அவருக்குத் தெரிவது, மாஸ்டர் நடுங்கிக்கொண்டு வருகிறார் என்பது மட்டும்தான். அதற்கு ஊர் என்ன காரணம் சொல்கிறது என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

குளிசை, பால்தேத்தண்ணி, சூரணம்

காலைக் குளிசை சில நாட்களில் வேலை செய்கிறது, சில நாட்களில் செய்வதில்லை என்கிறீர்கள். அதே பக்கத்தில், எழும்பியதும் பால்தேத்தண்ணியோடு குளிசை கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வழியால் உள்ளே போகப் பார்க்கும். புரதம் அதிகமானால் மருந்து பின்தங்கிவிடும். குளிசையை வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுங்கள். பால்தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம். குமட்டினால் ஒரு துண்டுப் பாணோ இரண்டு பிஸ்கட்டோ போதும். மீனையும் பருப்பையும் விடத் தேவையில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். இரும்புச்சத்துக் குளிசை எடுத்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும்.

விடுமுறை நாட்களில் அவர் வேண்டுமென்றே குளிசையைத் தவிர்ப்பது, "இப்ப மிச்சம் பிடிச்சால் பிறகு கூட நாள் வேலை செய்யும்" என்ற எண்ணத்தால். பலரும் நம்பும் கதைதான், ஆனால் சரியல்ல. காலப்போக்கில் மருந்து வேலை செய்யும் நேரம் குறுகுவதற்கு முக்கிய காரணம் நோய் முன்னேறுவது. குளிசையைச் சேமித்து வைத்து அதைத் தடுக்க ஏலாது. தவறவிடும் நாட்களில் விழுவதுதான் மிச்சம்.

சூரணத்தைப் பற்றி உங்கள் கணவர் கிளினிக்கில் வாயே திறக்கவில்லையாம். நடுக்குவாதத்துக்குத் தமிழ் வைத்தியத்தில் பூனைக்காலி விதை கொடுப்பது பழைய வழக்கம், அந்த விதையில் இயற்கையான லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன். இரண்டு பக்கத்தாலும் ஒரே மருந்து போனால் குமட்டல், தலைச்சுற்று, உடம்பு தன்பாட்டில் முறுகி ஆடுவது, இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். சூரணத்தில் என்ன இருக்கிறது என்று பரியாரியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தமிழ் வைத்தியம்தான் வேண்டும் என்று நினைத்தால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கேயும் ஆங்கில மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். ஒருவருக்கு மற்றவரை ஒளிக்கத் தேவையில்லை.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: "பார்க்கின்சன் நோயாளி. குளிசை நேரம் தவறக் கூடாது. மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், ஹலோபெரிடோல் கொடுக்க வேண்டாம்." வாந்திக்கும் குழப்பத்துக்கும் வழக்கமாகக் கொடுக்கும் இந்த மருந்துகள் நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். வேறு காய்ச்சலுக்கு வார்டில் படுத்தாலும் இந்தத் தாள் உதவும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாத மருந்தாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எங்கே போவது

முதலில், ஏற்கெனவே போகும் கிளினிக்கிலேயே கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். குளிசை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடி வருகிறீர்கள். பிசியோதெரபி, பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது) மூன்றுக்கும் கடிதம் தரச் சொல்லுங்கள். உரத்த குரலில் பேசப் பயிற்சி, புரையேறாமல் விழுங்கும் முறை எல்லாம் பேச்சுச் சிகிச்சையில்தான் வரும். யாழ்ப்பாணம் வரை அடிக்கடி வருவது கஷ்டமென்றால், பிசியோதெரபியைப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் தொடர முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்தது பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். "அது சண்டையில கைகால் போன ஆக்களுக்குத்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த எண்ணம் வந்ததன் காரணம் விளங்குகிறது. ஆனால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைவால் தன் வாழ்வின் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாத எவரையும் உள்ளடக்குகிறது. அந்தக் குறைவு எப்படி வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. மாதாந்தக் கொடுப்பனவு குறைந்த வருமானக் குடும்பங்களுக்குரியது. சம்பளம் வரும்வரை உங்களுக்குக் கிடைப்பது கடினம். இருந்தாலும் கிராம அலுவலர் மூலம் பதிந்து வையுங்கள்.

நடைத்தாங்கி, சக்கர நாற்காலி போன்றவை தேவைப்படும் காலம் வந்தால் யாழ். ஜெய்ப்பூர் நிலையத்தில் விசாரிக்கலாம். அவருக்கோ உங்களுக்கோ மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் சாந்திகம் என்ற நிறுவனத்தில் உளவளத்துணை இருக்கிறது. இரவில் தாங்க முடியாத நேரம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம். விழுந்து அடிபட்டால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை.

பிறகு, கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர்கள். நான் பார்த்தவரை இதுதான் பலருக்குப் பெரிய துணை, யாரும் பட்டியலில் போடாத துணை. உங்களைப் போலவே காலையில் வந்து இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் மனைவி, மகன், தங்கச்சி யாரிடமாவது கதை கொடுங்கள். எந்தப் பாமசியில் குளிசை இருக்கிறது, எந்தச் செருப்பு வழுக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று குடும்பம் வட்ஸ்அப்பில் சேர்ந்தாலே போதும்.

வீட்டைப் பற்றி ஒரு சொல். அவர் இரண்டு தடவை விழுந்ததும் கிணற்றடியில்தான். ஈரச் சீமெந்து, பாசி, வாளியோடு திரும்புவது, மூன்றும் இந்த நோய்க்கு ஆகாது. பாசியைத் தேய்த்து எடுங்கள், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து குளிக்கட்டும், சுவரில் ஒரு கைபிடிக் குழாய் பூட்டுங்கள். இரவில் வளவுக்குள் நடந்து கக்கூசுக்குப் போகாமல் கட்டிலடியில் ஒரு போத்தல் வையுங்கள். அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு சின்ன வழி உண்டு: நிலத்தில் சோக்கட்டியால் ஓரடி இடைவெளியில் நாலைந்து குறுக்குக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொன்னால் கால் எழும்பும். கோட்டை அவரையே கீறச் சொல்லுங்கள், கணித மாஸ்டர்தானே. அந்த நேரம் கையைப் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம், இழுத்தால் முன்னால் விழுவார்.

சென்னை ஒப்பரேஷனும் காணியும்

மூளையில் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சை உண்மையானது, தெரிந்தெடுத்த சிலருக்கு நல்ல பலன் தருவது. ஆனால் நோயை மாற்றாது, நோய் முன்னேறுவதை நிறுத்தாது. லெவோடோபா வேலை செய்தும் அதன் பலன் நாளுக்குள் பலமுறை ஏறி இறங்குபவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கும்தான் அது முக்கியமாக உதவும். குரலையும் சமநிலையையும் பெரிதாகத் திருத்தாது. உங்கள் கணவருக்கு இன்னும் மருந்தே சரியான நேரத்தில் போகவில்லை. லொத்தர் பிரச்சினையும் மனச்சோர்வும் தீராமல் எந்த நல்ல குழுவும் அவரை மேசையில் படுக்க வைக்காது. கிளினிக்கில் நரம்பியல் வைத்தியரிடம் "இவருக்கு இது பொருந்துமா, எப்போது?" என்று கேளுங்கள். ஸ்டெம் செல் ஏற்றி முழுதாக மாற்றுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

காணி விஷயத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி உங்கள் சீதனக் காணி உங்களுடையது. விற்பதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை, ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் கனடாவில் இருந்து யாரும் விற்க முடியாது. கணவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும் இப்போதே வங்கிக் கணக்கு, அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) போன்றவற்றையும் அதே சட்டத்தரணியிடம் கதைத்துவிடுங்கள்.

மகளின் சம்பந்தம்

மாமியின் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், அந்தப் பயத்துக்குக் காரணமான ஊரில்தான் நானும் இருக்கிறேன். பார்க்கின்சன் தொற்றாது. பெரும்பாலானவர்களில் அது பரம்பரையாக வருவதும் இல்லை. 50 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் மரபணுக் காரணம் இருக்கும் வாய்ப்பு ஓரளவு கூட. ஆனால் உங்கள் கணவரின் குடும்பத்தில் வேறொருவருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் கலியாணத்தை நிறுத்த இதில் ஒன்றும் இல்லை.

ஒளித்து ஒப்பேற்றிய சம்பந்தத்தில், கலியாண வீட்டில் தகப்பன் நடுங்கும் கையால் தாரை வார்க்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு முதலே, பேச்சு உறுதியாகும் கட்டத்தில், பெயரைச் சொல்லி விளக்கிவிடுங்கள். எப்போது, யார் சொல்வது என்பதை மகளிடம் கேளுங்கள்; அவளுடைய வாழ்க்கை. மாப்பிள்ளை வீட்டார் வைத்தியரிடம் கேட்க விரும்பினால் உங்கள் கணவரின் சம்மதத்தோடு கேட்கலாம். இதைக் கேட்டு விலகுபவர்கள் இப்போதே விலகினால் செலவு குறைவு. இது வைத்திய ஆலோசனை இல்லை, என் சொந்த அபிப்பிராயம்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் இரண்டே இரண்டு வரிதான் இருக்கிறது: நாரி நோவு, ஆறு மாதமாகப் பிரஷர் பார்க்கவில்லை. முதலில் பிரஷரைப் பாருங்கள். அத்தான் கனடாவில் இருந்து அடுத்தமுறை எடுக்கும்போது, ஒப்பரேஷனுக்கு அனுப்ப நினைத்திருக்கும் காசில் சிறு பங்கைக் கேளுங்கள்: கிழமைக்கு மூன்று பின்னேரம் வீட்டில் நிற்க ஒருவருக்குச் சம்பளம், கிணற்றடி வேலைக்கு மேசன் கூலி, கிளினிக் நாளுக்கு ஓட்டோக் காசு. உதவ வேண்டும் என்று உண்மையாகவே துடிக்கிறார். என்ன தேவை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகனையும் பயன்படுத்துங்கள். ஏ.எல். படிக்கிற பிள்ளை என்று எல்லாவற்றையும் அவனுக்கு மறைத்து, தனியாகத் தகப்பனைத் தூக்கித்தான் உங்களுக்கு நாரி நோகிறது. பிசியோதெரபிக்குப் போகும் முதல் நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போய், கதிரையில் இருந்தும் கட்டிலில் இருந்தும் அவரை எப்படி எழுப்புவது என்று உங்கள் இருவருக்கும் காட்டித்தரச் சொல்லுங்கள்.